நாலு நங்கூரமும் ஒரு ஜெபமும்: வாசகர் கேள்வி – பதில்

வாகரையிலிருந்து பொத்துவில் வரை, இந்த முறை வந்த கடிதங்கள் பல சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கின்றன: 'கடவுளை நம்பு' என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாயிற்று, திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது? பதில்களில் வேதப் பகுதிகளைக் குறித்திருக்கிறோம், வீட்டில் திறந்து பாருங்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே வீடுகளில் 'சங்கீதம்' என்பது கத்தோலிக்க வீடுகளில் 'திருப்பாடல்'. எண் ஒன்றுதான், குழம்பவேண்டாம்.

காலை நாலரைக்கு எழும்பினால் இரவு பத்து மணி வரைக்கும் ஓட்டந்தான். ஜெபிக்க முழந்தாளில் நின்றால் இடியப்பம் அவிந்ததா, மகனின் சப்பாத்து காய்ந்ததா என்றே மனம் ஓடுகிறது. வேதத்தைத் திறந்தால் போன் அடிக்கிறது. என் விசுவாசம் செத்துப்போயிற்றா?
– ஒரு தாய், தாண்டவன்வெளி

சாகவில்லை, சகோதரி. நீங்கள் பிடித்த நேரந்தான் பிழை. அடுப்பில் பானை இருக்கும்போது மனம் அடுப்பில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பிள்ளைகளின் பள்ளி வேன் போன பிறகு வருகிற முதல் பதினைந்து நிமிடத்தைப் பிடியுங்கள். 'ஏழு மணிக்கு' என்று மணிக்கூட்டோடு கட்டாமல், 'வேன் போனதும்' என்று ஒரு வேலையோடு கட்டுங்கள். வேன் பிந்தினால் ஜெபமும் பிந்தும், ஆனால் விடுபடாது.

போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். சத்தத்தை நிறுத்திப் பக்கத்தில் வைத்தால் போதாது, கை தானாகப் போகும். வேதமும் போனில் வேண்டாம், அச்சுப் புத்தகம் எடுங்கள். போனில் வசனம் வாசிக்கிறவருக்கு மூன்றாம் வசனத்திலேயே குடும்ப வட்ஸ்அப் குழுவின் செய்தி மேலே இறங்கும்.

முதலில் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு ஏறக்குறைய 20 வசனங்களை உதடு அசைய, உங்கள் காதுக்குக் கேட்கும் அளவில் வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசிக்கும்போது மனம் எளிதாக நழுவிவிடும். வாயும் காதும் சேர்ந்தால் அவ்வளவு நழுவாது. மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரந்தான், நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதத்தில் முடியும். ஆதியாகமத்தில் தொடங்கி 'முழு வேதமும் ஒரு வருடத்தில்' என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாக லேவியராகமத்துப் பலி முறைகளில் படுத்துவிடுவார்கள். பிறகு புத்தகத்தைத் திறக்கவே கூச்சம்.

பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் இருக்கட்டும். 'அரிசி முடிகிறது', 'கரண்ட் பில்', 'மாமிக்குக் குளிசை' என்று மனம் இழுத்தால் சண்டை பிடிக்காமல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதிய விஷயம் திரும்பத் திரும்ப வந்து தட்டாது. கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தத் துண்டையே கையில் எடுத்து, ஒவ்வொரு வரியையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். மனதை அலைக்கழித்ததே ஜெபக் குறிப்பாகிவிடும். பிலிப்பியர் 4:6 எல்லாவற்றையும் தெரியப்படுத்தச் சொல்கிறது, அந்த 'எல்லாவற்றில்' அரிசியும் அடக்கம்.

முதல் கிழமையே ஒரு மணித்தியாலம் என்று தொடங்காதீர்கள். நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஐந்தாம் நாள் விடுபடும், ஆறாம் நாள் குற்ற உணர்வில் விட்டே விடுவீர்கள். யாத்திராகமம் 16இல் வனாந்தரத்தில் கடவுள் கொடுத்த மன்னா என்ற உணவு அன்றன்றைக்குத்தான் விழுந்தது. சேர்த்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. நேற்று விட்டதை இன்று சேர்த்துக் கட்டத் தேவையில்லை, இன்றைய பங்கை எடுத்தால் போதும்.

மற்ற நேரத்துக்கு ஒரு வரி போதும். தேங்காய் திருவும்போது, வழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எரிகோவில் குருடன் கூப்பிட்ட வரி: 'இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்' (லூக்கா 18:38). கத்தோலிக்க வாசகர்கள் செபமாலையில் ஒரு பத்து மணியைச் சொல்லலாம். தன் வீட்டுக்கு வந்த ஆண்டவருக்குப் பணிவிடை செய்த மார்த்தாளை அவர் கண்டித்தது சமைத்ததற்காக அல்ல. லூக்கா 10:41ஐக் கவனமாக வாசியுங்கள், பல விஷயங்களில் மனம் சிதறிக் கலங்கியதையே சொல்கிறார். வந்தவர்களுக்கு அன்றைக்கு யாராவது சமைத்திருக்கத்தான் வேண்டும்!

கடலுக்குப் போகுமுன் கரையில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் போட்டைத் தள்ளுவோம். வாடைக் காலத்தில் வானிலை அறிவித்தலைக் கேட்டு நான் நின்றுவிட்டால், 'ஜெபித்துவிட்டுப் பயப்படுகிறாயா' என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். நிற்பது விசுவாசக் குறைவா?
– ஒரு மீனவர், வாழைச்சேனை

தம்பி, அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைக் கூட்டாளிகளையும் இருத்தி வைத்து வாசியுங்கள். வேதத்தில் கடலோடிகளுக்கென்றே எழுதியது போன்ற அதிகாரம் அது.

பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோன கப்பல் பருவம் பிந்திப் புறப்பட்டது. யூதரின் நோன்பு நாளும் கழிந்துவிட்டது, இனி ஓடுவது ஆபத்து என்று பவுல் முன்னமே சொன்னார். நூற்றுக்கு அதிபதியான ரோமப் படை அதிகாரி அவரை நம்பாமல் மாலுமியையும் கப்பல்காரனையும் நம்பினான். தென்றல் மெல்ல அடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வடகிழக்கிலிருந்து கடுங்காற்று பிடித்தது. நம் வாடை வருகிற திசைதான். பதினாலாம் நாள் இரவில் ஆழம் பார்த்தார்கள்: முதலில் 20 பாகம், சற்றுத் தள்ளி 15 பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதலாம் என்று தெரிந்தது. உடனே பின்னணியத்தில் (கப்பலின் பின்பக்கத்தில்) நாலு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஓர் உயிர்கூடப் போகாது என்று தேவதூதன் சொன்னதை 22 முதல் 25 வரையான வசனங்களில் பவுல் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் கப்பலாட்கள் நங்கூரம் போடுவதாகச் சாட்டுச் சொல்லிச் சிறு படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, 31ஆம் வசனத்தில், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்கிறார். வாக்குறுதியும் கையில் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆட்களும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. பிறகு எல்லாரையும் சாப்பிட வைத்தார், கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைத்தார்கள், 276 பேரும் கரையேறினார்கள். சிலர் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே அறிவித்தலைக் கேளுங்கள், லைஃப் ஜாக்கெட்டைப் போடுங்கள். அதை மடித்து வாடிக்குள் வைத்திருந்து பயனில்லை. எரிபொருளைப் போக வர மட்டும் கணக்குப் பார்க்காமல், காற்று மாறினால் சுற்றி வரவும் சேர்த்து எடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்துக்குள் வேண்டுமென்று இறங்கிவிட்டுக் காப்பாற்றச் சொல்வதற்கு மத்தேயு 4:7இல் வேறு பெயர் இருக்கிறது: கடவுளைப் பரீட்சை பார்ப்பது. தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலிருந்து இயேசுவைக் குதிக்கச் சொன்ன குரல் யாருடையது என்று சிரிக்கிற கூட்டாளிகளைக் கேளுங்கள்.

சந்தேகம் வருவதே பாவமா?
– க.பொ.த. உயர்தர மாணவர், காரைதீவு

மாற்கு 9:24இல் ஒரு தகப்பன் ஒரே மூச்சில், நம்புகிறேன் என்றும் என் அவநம்பிக்கை நீங்க உதவும் என்றும் சொன்னார். அந்த அரைகுறை வாக்கோடுதான் அவருடைய மகன் சுகமானான். சந்தேகத்தை எழுதி வைத்து உங்கள் போதகரிடமோ சுவாமியிடமோ நேரே கேளுங்கள். யூடியூபிடம் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு 62 வயது, சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் வரைக்கும் உபவாச ஜெபம். சாப்பிடாமல், குளிசையை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார். போன கிழமை வியர்த்துக் கை நடுங்கியது. 'விசுவாசத்தோடு இரு, குளிசையை விட்டுவிடு' என்று ஒருவர் அவருக்குச் சொல்லியும் இருக்கிறார்.
– மகள், கல்முனை

இதில் நளினமாகப் பேச ஒன்றுமில்லை. குளிசையை விடக்கூடாது. சாப்பிடாமல் குளிசையை மட்டும் போடவும் கூடாது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் இரத்தத்தில் சீனி இறங்கியதன் அறிகுறி. மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால், அல்லது மீட்டர் இல்லாமல் இந்த அறிகுறிகள் கண்டால், மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், தேறாவிட்டால் இன்னொரு தரம். தேறிய பிறகு சோறோ பாணோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 'ஆவியின் வல்லமை இறங்குகிறது, நடுக்கம் அதனால்தான்' என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துவிடுவதுதான் கூட்டத்தில் நடக்கக்கூடிய பெரிய பிழை. ஆகவே கூட்டத்தை நடத்துகிறவருக்கு அம்மாவின் வருத்தத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டை விட முடியாதவர் வேறொன்றை விடலாம்: வெள்ளிக்கிழமைக்குத் தொலைக்காட்சி நாடகம், தேத்தண்ணியோடு ஊர்க்கதை, போன். கிளினிக் வைத்தியரைக் கேட்டு, குளிசையும் உணவும் நேரத்துக்குப் போய், இறைச்சி மீன் மட்டும் விட்ட எளிய சாப்பாட்டோடு ஒறுத்தல் செய்யலாம். கத்தோலிக்கச் சட்டமே 18 வயதிலிருந்து 59 நிறைவாகும் வரைக்குந்தான் உண்ணாநோன்பைக் கடமையாக்குகிறது. நோயாளிக்கு அந்த வயதிலும் விலக்கு உண்டு. அம்மா எந்தச் சபையாக இருந்தாலும் இதைக் காட்டுங்கள்.

குளிசையை விடச் சொன்னவருக்கு 2 இராஜாக்கள் 20ஐக் காட்டுங்கள். நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருடம் தருவதாக ஆறாம் வசனத்தில் கடவுள் சொல்லிவிட்டார். ஏழாம் வசனத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணில் பற்றுப்போட வைத்தார்.

மூன்று இடத்தில் குழுக் கடன். செவ்வாய், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆள் வரும். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்தேன். 'ஆண்டவர் வழி திறப்பார்' என்று ஜெபிக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. கணவருக்கு ஒரு கடன்தான் தெரியும்.
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடிப் பக்கம்

2 இராஜாக்கள் 4இல் ஒரு விதவை இதே நிலையில் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்தாள். கடன்காரன் இரண்டு மகன்மாரையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா எடுத்த எடுப்பில் ஜெபிக்கவில்லை, கேள்வி கேட்டார்: வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு குடம் எண்ணெய். வெறும் பாத்திரங்களை அயல்வீடுகளில் வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றச் சொன்னார். எண்ணெய் பெருகியது அற்புதம். அதற்குப் பிறகு சொன்னதோ கணக்கு: விற்று, கடனைக் கட்டி, மிச்சத்தில் சீவியம் நடத்து. அற்புதம் நடந்த வீட்டிலும் கடனைக் கட்டித்தான் தீர்க்கவேண்டியிருந்தது.

நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம்: எடுத்த தொகை, கட்டிய தொகை, மிச்சம், கிழமைத் தவணை, முடியும் திகதி, யார் யார் பிணை. மறுபக்கத்தில் வீட்டுக்கு வருகிற காசு. கணவருக்குச் சொல்வதுதான் கடினமான படி. ஆனால் கொப்பி எழுதிய பிறகு சொல்லுங்கள், முன்னம் வேண்டாம். 'நிறையக் கடன்' என்று அழுதுகொண்டு சொன்னால் வீட்டில் சண்டை வரும். 'மிச்சம் இவ்வளவு, இந்த மாதத்தில் முடியும்' என்று எண்ணைக் காட்டினால் பேச்சு வரும்.

வட்டியைச் சரியாகப் பார்க்க ஓர் உதாரணம். 60,000 ரூபா, ஒரு வருடத்தில் கட்டி முடிக்கவேண்டும், வருடத்துக்கு 24 வீதம் 'பிளாட்' என்றால் வட்டி 14,400, மாதம் 6,200 கட்டவேண்டும். 24 வீதந்தானே என்று தோன்றும். ஆனால் எடுத்த முதல் தொகை மாதம் 5,000 ஆகக் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் முழு 60,000க்கும் போட்டபடி நிற்கிறது. அந்த வருடத்தில் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் 32,500தான். அதற்கு 14,400 என்றால் உண்மை வட்டி 40 வீதத்தையும் தாண்டுகிறது. இப்படி மூன்று கடனையும் கணக்குப் பார்த்தால் எதை முதலில் முடிக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் தவணையை மட்டும் கட்டி, கையில் மிஞ்சுவதெல்லாம் அந்த ஒன்றுக்குப் போகட்டும்.

நாலாவது கடன் எடுக்கவே வேண்டாம். தவணை தவறிய பிறகு ஒளிக்காமல், தவறுமுன்பே அலுவலகத்துக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டித்தரக் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள். அது 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நிறுவனமா, அல்லது வேறு சட்டத்தின்கீழ் மத்திய வங்கி மேற்பார்க்கும் நிறுவனமா என்றும் விசாரியுங்கள். நீங்கள் ஒளித்தால் உங்கள் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள்தான் உங்கள் காசைக் கட்டுவார்கள். பிணை நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் 6:1–5 எச்சரிப்பதை அவர்கள் இப்போது அனுபவிக்கிறார்கள்.

காணிக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாங்களே சொல்கிறோம். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். 2 கொரிந்தியர் 8:12 ஒருவரிடம் உள்ளதன்படிதான் கேட்கிறது, இல்லாததன்படி அல்ல. 'விதைத்தால் நூறத்தனையாகும்' என்று யாராவது நெருக்கினால் கொப்பியை அவரிடம் காட்டுங்கள்.

ஜெபத்தை மாற்றிப் பாருங்கள். 'வழி திறவும்' என்பதைவிட, 'இன்றைக்குக் கணவரிடம் பேசத் தைரியம் தாரும்', 'அலுவலகத்தில் நல்ல முகத்தைத் தாரும்' என்று அன்றன்றைய வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வந்ததா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

வேளாண்மை முற்றிவிட்டது. அறுவடை மெசின் எங்கள் வட்டைக்கு ஞாயிறு காலையில்தான் வரும் என்கிறார்கள். ஆராதனையா, வெட்டா?
– ஒரு விவசாயி, திருக்கோவில்

விதைப்பிலும் அறுப்பிலுங்கூட ஓய்ந்திரு என்றுதான் யாத்திராகமம் 34:21 சொல்கிறது. அதை மறைத்துப் பதில் சொல்லமுடியாது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கமாட்டீர்களா என்று லூக்கா 14:5 கேட்பதும் அதே வேதந்தான். மாசி மழை வந்தால் முற்றிய கதிர் சாய்ந்து, மணி கொட்டி, கிடந்த இடத்திலேயே முளைக்கும். மெசினைத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை எப்போது வரும் என்று மெசின்காரருக்கே தெரியாது.

வெட்டுங்கள். ஆனால் சனி பின்னேர ஆராதனையோ திருப்பலியோ எங்காவது இருந்தால் அதற்குப் போங்கள். இல்லாவிட்டால் மெசின் இறங்குமுன் வரம்பில் நின்று, வேலைக்கு வந்தவர்களோடு சங்கீதம் 65ஐ வாசியுங்கள். பதின்மூன்று வசனந்தான், கடைசிப் பகுதி மழையையும் தானியத்தையும் பற்றியது. வேலையாட்களில் கிறிஸ்தவர் இருந்தால் அவருக்கும் அந்த ஞாயிறு போகிறது என்பதை மறக்காதீர்கள். ஒரு போகத்தில் ஒரு ஞாயிறு இப்படி வரலாம். மாதத்தில் மூன்று ஞாயிறு வந்தால் அதற்கு மெசின் காரணமல்ல.

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நான் ஆலயத்தில் கதவுக்குக் கிட்டத்தான் இருப்பேன். பெரிய பையோடு யாராவது வந்தால் நெஞ்சு அடிக்கும், பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறாது. 'இவ்வளவு காலமாகியும் கடவுளை நம்பவில்லையா' என்று கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, மட்டக்களப்பு நகர்

அப்படிக் கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி காலையில் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு இந்த ஊரின் ஒவ்வோர் ஆலயத்துக்குள்ளும் இன்னும் இருக்கிறது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்த இடம் அது. நெஞ்சு அடிப்பது உடம்பு ஞாபகம் வைத்திருப்பதால், விசுவாசம் குறைந்ததால் அல்ல. நெகேமியா 4:9இல் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். வாசலில் பையைப் பார்க்கிற சபை நம்பிக்கை இழந்த சபை அல்ல.

ஆலயத்தில் நெஞ்சு அடிக்கத் தொடங்கினால்: இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி வையுங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள், பத்துத் தரம். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கவேண்டும், இதயத்துடிப்பை இறக்குவது அதுதான். முன்வாங்கின் விளிம்பைக் கையால் தொட்டு, அது மரமா இரும்பா, குளிரா சூடா என்று கவனியுங்கள். பிரசங்கம் காதில் ஏறாத நாளில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரே ஒரு பாட்டின் வரிகளை வாசித்துக்கொண்டிருந்தால் போதும்.

வீட்டில் சங்கீதம் 13ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று சங்கீதக்காரர் நாலு தரம் கேட்கிறார். அடுத்த இரண்டில் வேண்டுகிறார். கடைசி இரண்டில்தான் நம்புகிறேன் என்று வருகிறது. அதே ஒழுங்கில் உங்கள் சொந்த வரிகளை எழுதுங்கள், முறைப்பாட்டைச் சுருக்காமல். கடைசிப் பகுதி வராத நாளும் உண்டு. அன்றைக்கு 88ஐ வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது, யாரும் அதற்கு நல்ல முடிவு ஒட்டவில்லை, ஆனாலும் அது ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது.

ஏப்ரல் நெருங்கும்போது தூக்கம் கெடுவது எதிர்பார்க்க வேண்டியது. அந்தக் கிழமைகளில் பழைய வீடியோக்களைப் பார்க்காதீர்கள், அனுப்புகிறவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். கனவும் பயமும் ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் நின்றால், அல்லது கடைக்கும் பஸ்ஸுக்கும் போகாமல் வீட்டுக்குள் ஒடுங்கினால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். உங்களோடு துணைக்கு வரச் சபையில் ஒருவரைக் கேளுங்கள். 'கடவுள் நல்லவர்களைத்தான் முதலில் எடுப்பார்' என்று சொல்கிறவரைக் கூட்டிப்போகவேண்டாம்.

வருகிற ஞாயிறும் கதவோரமே இருங்கள். அந்த வாங்கில் ஓர் இடத்தை உங்களுக்கு விட்டுவைக்கும்படி வாசலில் நிற்கிறவரிடம் சொல்லி வையுங்கள். ஒரு மாதம் போய் மனம் வந்தால் ஒரு வாங்கு முன்னே போகலாம். சரிவராவிட்டால் திரும்பிப் பழைய இடத்துக்கே வாருங்கள்.